கட்டிலுக்கு அடியில் ஜெனரேட்டர்

தம்பி ஒரு பழைய வேனை வாங்கி, உள்ளே கட்டில், ஃபேன் எல்லாம் வைத்து வீடு மாதிரி ஆக்கிக்கொண்டிருக்கிறான். அப்பா, அம்மாவோடு ஊர் சுற்றி, ராத்திரி அதிலேயே தூங்குவதாகத் திட்டம்.

அதற்கு ஜெனரேட்டர் பார்க்க, இன்று செஞ்சியில் ஒரு கடைக்குப் போனோம். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் ஜெனரேட்டர் அனுப்புகிற கடை.

கடைக்காரர் எடுத்ததுமே, "எத்தினி சீரியல் செட்டு, எத்தினி ஸ்பீக்கர்?" என்றார்.

"ரெண்டு ஃபேனு, ஒரு லைட்டுண்ணா. நைனால்லாம் உள்ள தூங்கறதுக்கு" என்றான் தம்பி.

சின்னதாக ஒன்றைக் காட்டினார். தம்பிக்குப் பிடித்துவிட்டது. வண்டியில் எங்கே வைப்பது என்று கேட்டான்.

"வெளிய மாட்டுனா காலைல இருக்காது. கட்டிலுக்கு அடியில சொருகிடு. சத்தமும் கேக்காது."

நான் குறுக்கே புகுந்தேன். "பொக எங்கண்ணா போவும்?"

"ஜன்னல கொஞ்சூண்டு தொறந்து வெய்யிம்மா. திருவிழாவுல எங்க ஆளுங்க அதும் பக்கத்துலயேதான் படுத்துத் தூங்கறாங்க. இன்னா ஆயிடிச்சி?"

"அவங்க வெட்டவெளியில தூங்கறாங்கண்ணா. இது மூடுன வண்டி."

பதில் தம்பியிடமிருந்து வந்தது. "இன்னாத்துக்குக்கா டென்சன் ஆவற? அதான் அவரே சொல்றாரில்ல."

இப்போது வீட்டு வாசலில் டிரில் சத்தம். கட்டிலுக்கு அடியில் இடம் செய்கிறான். வண்டிக்குப் பின்னால் இரும்புப் பெட்டி அடித்துப் பூட்டலாமே என்றேன். திருடர்கள் பூட்டை உடைப்பார்களாம். அப்பாவும் தலையாட்டுகிறார்.

திருடனிடமிருந்து ஜெனரேட்டரைக் காப்பாற்ற எல்லோரும் வழி சொல்கிறார்கள். ஜெனரேட்டரிடமிருந்து எங்களைக் காப்பாற்ற வழி தெரிந்தவர்கள், அவனுக்குப் புரிகிற மாதிரி கீழே எழுதுங்கள்.

அதுவரை வண்டிச் சாவி என்னிடம்தான் இருக்கிறது.