முகத்தைத் தவிர எல்லாம் காட்டினார்

அன்பான விசுவாசிகளே, நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

என் மகன் அருள் முந்தின வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு வீட்டை விட்டுப் போய்விட்டான். போதை மாத்திரையில் தொடங்கி ஊசி வரை போன பழக்கம். கையெல்லாம் ஊசித் தழும்பு. பணத்துக்காக அவன் பீரோவை உடைத்த அன்று அவன் அப்பா, "இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்று சொல்லிவிட்டார். பிறகு அவன் பெயரையே எடுக்கவில்லை.

சபையில் கேட்டவர்களிடம், பெங்களூரில் வேலை என்றேன். வெட்கம். ரயில் பாதையோரம் யாரோ ஒரு பையன் செத்துக் கிடக்கிறான் என்று கேள்விப்பட்டால், திருவொற்றியூர் தெருவில் செருப்பில்லாமல் ஓடுவேன். அது வேறொரு தாயின் பிள்ளையாக இருக்கும். நன்றி சொல்லவும் வாய் வராது. வீட்டுக்கு வந்து முழங்காலில் நிற்பேன். "ஆண்டவரே, அவன் முகத்தை ஒரு தரம் காட்டும்." வேறு ஜெபம் எனக்கு வரவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் சபையில் ஓர் ஆவணப்படம் போட்டார்கள். நம் பகுதியில் போதையில் சிக்கிய பிள்ளைகளைப் பற்றியது. படம் எடுத்த பெண்ணும் வந்திருந்தாள். பிள்ளைகளின் முகங்களை மங்கலாக்கி, குரலையும் மாற்றியிருந்தார்கள்.

திரையில் ஒருவன் பேசினான். "வூட்டுக்குப் போலாம்னுதான் தோணுது. எங்க நைனா மூஞ்சில எப்டி முழிக்கறது?"

அவன் மேல் நீலக் கட்டம் போட்ட சட்டை. வண்ணாரப்பேட்டையில் ஒரே துணி எடுத்து, கிறிஸ்துமஸுக்கு அப்பாவுக்கும் மகனுக்கும் நான் தைக்கக் கொடுத்தது.

ஆண்கள் பக்கம் திரும்பினேன். என் கணவர் அதே சட்டையில் உட்கார்ந்திருந்தார். பின்வரிசைக்காரர்கள் திரையைப் பார்த்தார்கள், அவர் முதுகைப் பார்த்தார்கள். "இன்னா பிரதர், உங்க சட்ட மாரியே கீது?" என்று ஒருவர் கேட்டே விட்டார்.

என் கணவர் எழுந்தார். "என் துணிதான். எம் புள்ளதான் அது. எங்க கீறான், சொல்லும்மா."

"எடத்தச் சொல்ல மாட்டேன்னு அவங்களுக்கு வாக்கு குடுத்துட்டேன் அங்கிள். அவன்கிட்ட கேட்டுட்டு வரேன்" என்றாள் அந்தப் பெண்.

அன்றுதான் சபை முதல் தடவையாக என் பிள்ளையின் பெயர் சொல்லி ஜெபித்தது.

அவன் சம்மதம் வாங்கி, மறுநாள் அவளே எங்களை எண்ணூர் முகத்துவாரம் பக்கம் அழைத்துப் போனாள். பாலத்துக்கு அடியில் கிடந்தான். கை வீங்கியிருந்தது. காய்ச்சல் கொதித்தது. எங்களைப் பார்த்ததும் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அவர் அவன் முன்னால் குந்தினார். பிறகு அவன் காலரைப் பிடித்து, "ஏன்டா, புதுச் சட்டய இப்டி கலீஜ் பண்ணி வெச்சிகினு கீற?" என்றார்.

அவன் நிமிர்ந்தான். முகத்தைப் பார்த்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் கையைக் காப்பாற்றிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு தரம் மறுபடியும் போதையில் விழுந்தான். முழு விடுதலை கிடைத்துவிட்டது என்று எழுதினால் அது பொய். அந்தப் படத்தில் இருந்த இன்னொரு பிள்ளை இப்போது உயிரோடு இல்லை. அவன் அம்மாவும் ஜெபித்தவள்தான்.

ஆனால் நான் இப்போது பெங்களூர் என்று சொல்வதில்லை. நான் முகத்தைக் கேட்டேன். கர்த்தர் முகத்தைத் தவிர எல்லாம் காட்டினார். அந்தச் சட்டையே போதும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் வீட்டிலும் பெயர் சொல்லாமல் மறைத்து வைத்த பிள்ளை இருந்தால், சபையில் பெயர் சொல்லுங்கள். நாங்களும் உங்களோடு முழங்காலில் நிற்கிறோம்.

விடிந்ததும் முதலில் அருள் படுத்திருக்கும் இடத்தைப் பார்க்கிறேன். இன்றைக்கும் இருக்கிறான். ஸ்தோத்திரம், ஆண்டவரே.