சண்டை மேடம்

என் மனைவிக்குப் பல்கலைக்கழகம் கொடுத்த பதவி மாணவர் நல ஆலோசகர். பிள்ளைகள் வைத்த பெயர் சண்டை மேடம். இரண்டில் எது பொருத்தம் என்று என்னைக் கேட்காதீர்கள். சாயங்காலம் நான் வீட்டுக்குப் போக வேண்டியவன்.

நான் அதே பல்கலைக்கழகத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். பழுதான மீட்டரைப் பிரித்து மாட்டுவது பிழைப்பு. சிற்றாலயத்தில் ஆர்கன் வாசித்துப் பாடகர் குழுவைப் பழக்குவது பைத்தியம். அவள் முன்பு மருத்துவமனையில் நர்ஸ். உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், தூக்கம் மட்டும் போய், கட்டிலில் வந்து விழும் இளம்பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் வேலையை விட்டாள். மனநலம் படிக்கப் போகிறேன் என்றாள். நான் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தேன். ஊரார் வீட்டுப் பிள்ளைகளின் காதல் கதையைக் கேட்கத்தான் நல்ல வேலையை விட்டாயா என்றேன்.

"உங்க கதையவே எத்தனை வருஷம் கேக்குறதுங்க?" என்றாள்.

படித்து முடித்து இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஈ ஓட்டினாள். பல்கலைக்கழகம் கிறிஸ்தவச் சாமியார்கள் நடத்துவது. அவளுக்கு ஒதுக்கிய அறை தலைவரான பெரிய ஃபாதரின் அறைக்குப் பக்கத்தில். அவர் கண்ணில் படாமல் ஒரு பிள்ளை உள்ளே நுழைய முடியாது. துணிந்து வந்த ஒருவன் கதவைச் சாத்தியதும் மண்டியிட்டு, செய்த பாவங்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். ஃபாதரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனம் என்று நினைத்திருக்கிறான். "எழுந்திரு தம்பி, நான் மன்னிக்கிற ஆளு இல்ல, டீ போடுற ஆளு" என்று அவனைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறாள். டீயைக் குடித்துவிட்டு ஓடியவன்தான். அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

அடுத்த வருடத் தொடக்கத்தில் பெரிய ஃபாதர், "நல்ல உறவுகள்னு ஒரு உரை கொடும்மா" என்றார். அரங்கம் நிறையப் பிள்ளைகள். திரையில் 'ஒருவரை ஒருவர் மதிப்போம்' என்று எழுத்து ஓடியது. பின்வரிசை முழுக்கத் தூக்கம், நடுவரிசை முழுக்கப் போன். ஒலிப்பெட்டி பக்கம் நான் உட்கார்ந்து மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று அவள் கணினியை மூடினாள்.

"என்னங்க, மேல வாங்க."

போனேன். புலி வாயில் தலையைக் கொடுக்கிறோம் என்று தெரியாமல்தான் போனேன்.

"ஈரத்துண்டக் கட்டில்ல போடாதீங்கன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்?"

நடிப்பு என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. "ஏன், உங்க வீட்டுல மட்டும் எல்லாம் ஒழுங்கா? உங்கம்மா…" என்று ஆரம்பித்தேன். மைக் திறந்தே இருந்தது.

"எங்கம்மா துண்டு போடல. நீங்கதான் போட்டீங்க. துண்டப் பத்தி மட்டும் பேசுங்க."

அரங்கம் அதிர்ந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நாற்காலிமேல் ஏறினார்கள். துண்டைப் பற்றி மட்டும் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. கத்தி, திணறி, கடைசியில் நானாகவே "சரி, கொடியில போடுறேன்" என்று இறங்கிவந்தபோது கேட்ட கைதட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆர்கனுக்கு ஒருநாளும் அப்படித் தட்டியதில்லை.

அன்றிலிருந்து அவளிடம் பிள்ளைகள் கூட்டம். பெரிய ஃபாதருக்குப் பக்கத்து அறையை விட்டுவிட்டு, சிற்றாலயத்துக்குப் பின்னால் மெழுகுதிரிகள் அடுக்கும் பழைய அறையைக் கேட்டு வாங்கினாள். புதன்கிழமை மதியம் சண்டைப் பயிற்சி. காதலர்கள், அறைத்தோழிகள், அண்ணன் தம்பி, யார் வேண்டுமானாலும் வரலாம். ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் சண்டை. மூலையில் கிடந்த, விரிசல் விட்ட பீட மணி ஒன்றை அவள் கையில் வைத்திருப்பாள். மணி அடித்தால் நிறுத்த வேண்டும். எதிராளி சொன்னதை, அவர் ஆமாம் என்று தலையாட்டும்படி, திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் தன் பேச்சு. "திருப்பலியில அடிச்ச மணிய குத்துச்சண்டைக்கு இறக்கிட்டியேம்மா" என்றார் பெரிய ஃபாதர். சொல்லிவிட்டு அவரே துணைத்தலைவரைக் கூட்டிக்கொண்டு வந்து, கார் நிறுத்தும் இடத்துக்காக ஒரு சண்டை போட்டுப் போனார்.

இந்த அமர்க்களத்துக்கு நடுவில்தான் என் பாடகர் குழுவில் இடி விழுந்தது. வெளியூரில் பெரிய போட்டி. தனிக்குரல் பாட வேண்டியவள் 'மியூட்'. பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது, அதனால் அந்தப் பெயர். பாடினால் சிற்றாலயத்தின் கண்ணாடி அதிரும். அவள் என்னிடம் வந்து, "சார், நான் வரல. வேற ஆளப் பாருங்க" என்று முணுமுணுத்தாள்.

காரணம் குழுவுக்கே தெரியும். அவளுடைய காதலன், பல்கலைக்கழக அணியின் கோல்கீப்பர். தினமும் சாயங்காலம் பைக்கில் வந்து நிற்பான், கையை நீட்டுவான், அவள் போனைக் கொடுப்பாள், எல்லாவற்றையும் தள்ளித் தள்ளிப் பார்ப்பான். இப்போது, குழுவில் பையன்கள் இருக்கிறார்கள், வெளியூர் போகாதே என்றிருக்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பந்தைப் பிடிக்க வேண்டியவன் என் பாட்டைப் பிடித்து நிறுத்துகிறானே.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொட்டினேன். மியூட் தன்னிடம் வந்து பேசுகிறாளா இல்லையா என்பதைக்கூட என் மனைவி சொல்ல மாட்டாள். அந்த விஷயத்தில் அவள் வாய் இரும்புப் பெட்டி.

"நீ ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பா. அவன விட்டுடுன்னு சொல்லேன்."

"நான் சொல்லி அவ கேட்டா, அவன் சொல்லிக் கேக்குறதுக்கும் இதுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"அப்ப என் பாட்டு?"

"அது அவ பாட்டுங்க."

எனக்குக் கோபம். போட்டிக்கு வேறு ஆள் தேட மனமில்லாமல் நாளைக் கடத்தினேன். வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுத்தாக வேண்டும்.

அந்தப் புதன்கிழமை மெழுகுதிரி அறையில் எள் போட்டால் எள் விழாது. நானும் ஒரு சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். அறைத்தோழிகள் இருவர் மின்விசிறிச் சண்டையை முடித்து உட்கார்ந்தார்கள். அடுத்து யார் என்று கேட்டாள் என் மனைவி. கடைசி வரிசையில் ஒரு கை எழுந்தது. மியூட்.

"யாரோடம்மா?"

அவள் வாசலைக் காட்டினாள். அன்றைக்கு மதியமே அவளைக் கூட்டிப்போக வந்த கோல்கீப்பர், ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தான். பையன்கள் ஓவென்று கூவி அவனை உள்ளே இழுத்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டேதான் வந்து நின்றான்.

"நான் பாட்டுப் போட்டிக்குப் போறேன்" என்றாள்.

"ஐயோ, போகாதேன்னு சொன்னேனேம்மா" என்று அவன் கதாநாயகன் குரலில் இழுத்தான். அறை சிரித்தது.

"போறேன். இனிமே என் போனையும் தரமாட்டேன். நீ அதத் தள்ளித் தள்ளிப் பார்க்குறதப் பாசம்னு நெனச்சேன். பாசம்னா ஏன் பயமா இருக்கு?"

பின்வரிசைவரை கேட்டது. "சூப்பர்மா, என்னா நடிப்பு" என்று ஒருத்தி கத்தினாள். நடிப்பில்லை என்று அந்த அறையில் தெரிந்தது கொஞ்சம் பேருக்குத்தான். என் மனைவி மணியை அடித்தாள்.

"அவ சொன்னதத் திருப்பிச் சொல்லு தம்பி."

அவன் வாயைத் திறந்தான். "நீ போட்டிக்குப் போற…" அதற்கு மேல் வரவில்லை. சிரிப்பு முகத்திலிருந்து இறங்கிவிட்டது. "போதும் விளையாட்டு. வெளிய போய்ப் பேசிக்கலாம்" என்றான்.

"இங்கயே பேசலாம். இங்க எனக்குக் குரல் வருது."

விசில் பறந்தது. அவன் காது சிவந்தது. அடுத்து செய்ததை அவன் யோசித்துச் செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன். தினமும் செய்வதுபோல் கையை நீட்டினான். "போனக் கொடு. கிளம்பலாம்."

நீட்டிய அந்தக் கையைப் பார்த்தவுடன் இது நடிப்பில்லை என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. நான் எழப்போனேன். என் மனைவி ஒரு பார்வை பார்த்தாள்; உட்கார்ந்துவிட்டேன். அவளும் நகரவில்லை. மணியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன.

மியூட் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தரமாட்டேன்" என்றாள். போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

யாரும் கைதட்டவில்லை. கோல்கீப்பர் ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "உனக்கும் இங்க நாற்காலி இருக்கு தம்பி. இன்னிக்கு வேணாம்னா நாளைக்கு வா" என்றாள் என் மனைவி. அவன் வெளியே போனான். மின்விசிறிச் சண்டைக்காரிகள் இருவரும் எழுந்து வந்து மியூட்டின் இருபுறமும் நின்றுகொண்டார்கள்.

எனக்குக் கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மியூட் நேராக என்னிடம் வந்தாள்.

"சார், அந்தப் போட்டிப் பாட்ட அரைக்கட்டை சுருதி ஏத்தி வாசிக்கிறீங்களா? இவ்வளவு நாளா என் குரலுக்குக் கீழதான் பாடிட்டிருந்தேன்."