ஊரார் வீட்டு விஷயம் பேசாமல் பத்து நிமிடம்

முதல் பக்கத்திலேயே எனக்குத் தெரியாத சொற்கள் ஒன்பது இருந்தன. இத்தனைக்கும் தமிழ்ப் புத்தகம்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள், பி.காம். முடித்த ஒரே ஆள் என்று தலைநிமிர்ந்து திரிகிற எனக்கு ஒரே பக்கத்தில் ஒன்பது! கோபம் வரவில்லை. பண்டிகைக்கு முந்தின வாரம் துணிக்கடைக்குள் நுழைந்தது போலிருந்தது. எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும், எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜை என்னுடையது. தபால் துறையில் ஓய்வு பெற்ற சார் ஒருவர் அங்கே சிகிச்சைக்கு வருவார். நான் மேஜைக்கடியில் மறைத்து வைத்துக் கதை படிப்பதைப் பார்த்துவிட்டு, அஸ்தினாபுரத்தில் அவர் நடத்தும் வாசகர் வட்டத்துக்கு வரச் சொன்னார். மூன்று மாதம் கடைசி வரிசையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அங்கே பேசுகிறவர்கள் எல்லாரும், "எங்க தாத்தா கலெக்ஷன்ல இருந்த புக் இது" என்று ஆரம்பிப்பார்கள். நான்காம் மாதம், ஊசி போட்டு மரத்துப்போன வாயோடு சார் சொன்னார்: "அடுத்த மீட்டிங்ல நீ ஒரு டென் மினிட்ஸ் பேசும்மா." அவர் முடிப்பதற்குள் சரி என்றேன். மறுநாள் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு பெண்மணி தன் பெரிய குடும்பத்தைப் பற்றித் தானே எழுதியது. முந்நூற்று நாற்பது பக்கம்.

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வரிசை வீட்டில் அம்மா, சித்தி, நான் மூன்று பேர். பொத்தேரியில் உள்ள ஒரு மாணவர் மெஸ்ஸுக்கு அம்மாவும் சித்தியும் மூட்டை மூட்டையாகச் சாம்பார் வெங்காயம் உரித்துக் கொடுக்கிறார்கள். அவர்கள் உரிக்க, நான் எதிரே உட்கார்ந்து உரக்கப் படிப்பேன். தெரியாத சொல் வந்தால் நிறுத்தி, போனில் அகராதியைப் பார்த்து, போன வருடத்து டைரியில் எழுதிக்கொள்வேன். பராமுகம். அசூயை. பிணக்கு. சாவதானம். இறுமாப்பு. ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போக மாட்டேன்.

"இன்னாடி இது, மந்திரம் ஓதறாப்பல ஓதிகினு கீற?" என்பாள் சித்தி. ஆனால் முதலில் தொற்றிக்கொண்டது அவளுக்குத்தான். இரண்டாம் நாள் ஷேர் ஆட்டோக்காரரிடம், "இன்னா நைனா, இவ்ளோ சாவதானமா போற? மெஸ்ல அடுப்பு பத்த வெச்சிட்டு குந்தினு கீறாங்க" என்றாள். அவர் பயந்துபோய் வேகமாக ஓட்டினாராம். அம்மா காஸ் சிலிண்டர் போடுகிறவரைத் தெருவில் மறித்து, "ஏன் எங்க வூட்டு பக்கம் மட்டும் பராமுகம்?" என்று கேட்டாள். சிலிண்டர் அன்றே வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் பொறுக்கி வந்த சொற்கள் காஸ் சிலிண்டரையே தூக்கி வருகின்றன!

பிறகு ஏழாம் அத்தியாயம் வந்தது. அந்த வீட்டின் அப்பாவுக்கு வேலை போய்விடுகிறது. யாரிடமும் சொல்லாமல் எட்டு மாதம், தினமும் சாப்பாட்டுத் தூக்கோடு கிளம்பிப்போய்ப் பூங்காவில் உட்கார்ந்துவிட்டு மாலையில் திரும்புகிறார். படித்து முடித்து நிமிர்ந்தேன். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். வெங்காயமா, அந்த மனிதரா என்று தெரியவில்லை.

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "இதையா போய் அங்க பேசப் போற?"

"ஆமாம்மா. முக்கியமான இடமே இதுதான்."

"பேசக்கூடாது."

"அம்மா, அவங்களே எழுதி அச்சடிச்சி வித்திருக்காங்க!"

"அந்தம்மா அவங்க வூட்ட பத்தி எழுதிச்சி. நீ யாரு அவங்களுக்கு? அத்தையா, அத்த பொண்ணா? ஒரு மனுசன் சோத்து தூக்க எடுத்துகினு போய் பார்க்குல குந்தியிருந்தத, நாலு பேர கூட்டி வெச்சி மைக்குல சொல்லுவியா?"

எங்கள் வரிசையில் வீடுகளுக்கு நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். பக்கத்து வீட்டில் சண்டை வந்தால் அம்மா உடனே டிவி சத்தத்தை ஏற்றுவாள். எங்கள் வீட்டில் சண்டை வந்தால் அவர்கள் ஏற்றுவார்கள். மறுநாள் குழாயடியில் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். அம்மாவுக்கு அந்தப் புத்தகமும் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு வீடு. என்ன சொல்லியும் அவள் இறங்கி வரவில்லை. "சத்தியம் பண்ணு. பண்ணாதான் போவ. நானும் வந்து கேப்பேன்" என்றாள்.

சத்தியம் செய்தேன். பிறகுதான் உறைத்தது. ஒரு குடும்பத்தின் கதையைப் பற்றி, அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், பத்து நிமிடம் பேச வேண்டும். சார் ஏற்கனவே வாட்ஸ்அப் குழுவில் என் பெயரைப் போட்டுவிட்டார். மாட்டேன் என்று சொன்னால், கடைசி வரிசைதான் என் இடம் என்று நானே எழுதிக் கொடுத்தது போலாகும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா தீபாவளிப் புடவையில் வந்தாள். சித்தி கைப்பைக்குள் முறுக்கு வைத்திருந்தாள். வாசகர் வட்டம் கூடும் குடியிருப்புக் கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள். இருவரும் கதவோரம் உட்கார்ந்தார்கள். மைக்கைப் பிடித்து டைரியைத் திறந்தேன்.

"இந்தப் புத்தகத்தில் எனக்கு நாற்பத்தொரு புதுச் சொற்கள் கிடைத்தன" என்று ஆரம்பித்தேன். "அந்தக் குடும்பத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அந்தச் சொற்கள் எங்கள் வீட்டுக்கு வந்து என்ன செய்தன என்று மட்டும் சொல்கிறேன்."

சாவதானத்தையும் ஆட்டோவையும் சொன்னேன். சிரித்தார்கள். பராமுகத்தையும் சிலிண்டரையும் சொன்னேன். முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். புது மிக்ஸி வந்தபோது அம்மாவும் சித்தியும் இரண்டு நாள் பேசாமல் இருந்தது பிணக்கா அசூயையா என்று அவர்களுக்குள்ளேயே நடந்த விவாதத்தைச் சொன்னேன். கூடமே குலுங்கியது. முப்பது பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கால் தரையில் இல்லை. அந்த வேகத்தில் அடுத்த சொல்லுக்குப் போனேன்: இங்கிதம்.

"அகராதியில் பார்த்தும் இது எனக்குப் பிடிபடவில்லை. பிறகு என் நான்காம் வகுப்பு டீச்சர் ஞாபகம் வந்தது. மதிப்பெண் அட்டை கொடுக்கிற நாளில் அம்மா வருவார். 'கண்ணாடிய மறந்துட்டேன் டீச்சர், நீங்களே படிச்சி சொல்லுங்க' என்பார். டீச்சர் படித்துச் சொல்வார். 'கண்ணாடி இல்லாம கையெழுத்து கோணலா வரும், ரேகையே வெச்சிடறேன்' என்பார் அம்மா. அம்மாவுக்குக் கண்ணாடியே கிடையாது. எழுத்தும் தெரியாது. அடுத்த தடவையிலிருந்து, அம்மா உள்ளே நுழைவதற்கு முன்பே மை டப்பா மேஜையில் திறந்து இருக்கும். டீச்சர் ஒரு நாளும் ஒன்றும் கேட்டதில்லை."

யாரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கே தெரிந்தது. கதவோரம் அம்மா எழுந்து நின்றாள்.

"அப்போ அந்த டீச்சருக்கு தெரியுமாடி?"

முப்பது தலைகளும் திரும்பின. "தெரியும்மா" என்றேன். மைக்கில் அது பெரிதாகக் கேட்டது.

"நான் சொன்னத நம்பிட்டாங்கன்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன், இத்தினி வருசமா!"

"இல்லாத கண்ணாடிய எப்டிக்கா மறப்ப?" என்றாள் சித்தி, வாயில் முறுக்கோடு.

முதலில் சிரித்தது அம்மாதான். முகத்தைத் தலைப்பால் மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பிறகு கூடம் வெடித்தது. சார் கைக்கடிகாரத்தைப் பார்க்கவே மறந்துவிட்டார். பதினேழு நிமிடம் பேசியிருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் மூன்று பேர் அம்மாவைச் சூழ்ந்துகொண்டு, அந்த மிக்ஸி விவகாரம் எப்படி முடிந்தது என்று கேட்டார்கள். அவள் விரிவாகப் பதில் சொன்னாள்.

குரோம்பேட்டையில் ரயில் ஏறிய பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"ஊராங்க வூட்டு மானத்த காப்பாத்து காப்பாத்துன்னேன். நீ நம்ம வூட்டு மானத்த ஏலம் வுட்டுட்டு வந்துட்ட."

"சத்தியத்தை மீறலையேம்மா" என்றேன். வாய்க்குள் சிரிப்பு முட்டியது.

ரயில் சானடோரியத்தில் நின்று கிளம்பியது. பிறகு, "மைக்க கொஞ்சம் கிட்ட வெச்சி பேசுடி. நடுவுல ரெண்டு எடம் கதவாண்ட கேக்கவே இல்ல" என்றாள்.