பார்த்ததா, போட்டு வைத்ததா

"மற்றவன் வீட்டு ரீவியை எட்டிப் பார்க்கிறவனுக்கு..." என்று என் மாமா ஏதோ சொல்லி ஏசுவார்; பின்பாதி எவ்வளவு யோசித்தும் வருகுதில்லை. அவர் ஏசின அந்த வேலையைத்தான் இப்போது சம்பளத்துக்குச் செய்கிறேன். இருபது வருசம் ரொறொன்ரோவில் இருந்துவிட்டுத் திருகோணமலைக்குத் திரும்பியவனுக்கு, தமிழும் சிங்களமும் படித்தவன் என்பதால் கிடைத்த உத்தியோகம்: தெரிந்தெடுத்த சில வீடுகளில் யார் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று படிவம் நிரப்பி வாங்குவது. சனிக்கிழமை ஏழு மணிக்கு ஒரு சனலில் பாட்டுப் போட்டி, மற்றதில் நடனப் போட்டி. உங்கள் வீட்டிலும் அந்த நேரம் றிமோட்டுக்கு அடிபாடு என்றால், இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

கிண்ணியா ஒப்பந்தம்

கிண்ணியாவில் ஒரு ஹாட்வெயார் கடைக்காரர் வீடு. மூத்த மகளுக்குப் பாட்டு, இளையவளுக்கு நடனம். படிவத்தில் கால் மணித்தியாலக் கட்டம் ஒவ்வொன்றிலும், பார்த்ததற்கு அடையாளமாக, இரண்டு சனலுக்கும் புள்ளடி. இங்கே விளம்பரம் வந்தால் அங்கே, அங்கே வந்தால் இங்கே என்று பிள்ளைகளுக்குள் ஒப்பந்தமாம்.

விளம்பரத்துக்கு விலை வைக்கத்தான் இந்தக் கணக்கெடுப்பே நடக்கிறது என்று விளங்கப்படுத்தினேன். அவர் பிளேன்ரீக் கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "அப்ப எழுதுங்க தம்பி, இந்த ஊட்டுல ரெண்டு போட்டியும் பாக்குற, விளம்பரம் மட்டும் ஒருநாளும் பாத்ததில்ல."

கொழும்பு அழைப்பு

நிலாவெளி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு நிற்கும்போது மேற்பார்வையாளர் றொஷான் கொழும்பிலிருந்து கோல் எடுத்தான். பாட்டுப் போட்டிக்குக் கிழக்கில் பார்க்கிற ஆள் குறைகிறதாம். இந்த வாரமும் விழுந்தால் பாதியில் நிறுத்திவிடுவார்களாம். அந்தப் போட்டியில் எங்கள் பக்கத்துச் சல்லி என்ற கடற்கரை ஊர்ப் பிள்ளை கவிநயா இன்னும் வெளியேறாமல் நிற்கிறாள்.

"சனத்துக்கு அந்தப் பிள்ளையில விருப்பம்" என்று தொடங்கினேன். தனக்குத் தெரிந்த தமிழில் மறித்தான்: "அண்ணே, என்ன விருப்பம் கேக்க வேணாம், என்ன பாத்தது மட்டும் கேளுங்க."

சல்லியில் வெறும் கதிரைகள்

இடைக்கிடை நேரில் போய்ப் பார்த்துக் கையெழுத்து வைக்கவேண்டும் என்பது விதி. அந்தச் சனிக்கிழமை, கவிநயா வீட்டுக்குப் பக்கத்தில் பாக்கியம் அக்கா வீட்டுக்குப் போனேன். அங்கே ஐந்து பேர். ஒவ்வொரு வாரமும் பாட்டுப் போட்டிக்கு ஐந்து புள்ளடி. முன்னறையில் ரீவி முழுச் சத்தத்தில் பாடுகிறது, கதிரையில் ஒருவருமில்லை. ஐந்து பேரும் குசினிக்குள், சீனிப் போத்தலில் கைபேசியைச் சாய்த்து வைத்து நடனப் போட்டி பார்க்கிறார்கள். கைபேசி எங்கள் கணக்கில் வராது.

"என்னக்கா, பாட்டுப் பார்த்ததெண்டெல்லோ எழுதுறனீங்கள்?"

"பார்க்கிறேல்லைத் தம்பி, போட்டு வைக்கிறனாங்கள்."

"ஆருக்கு?"

அக்கா முன்னறை யன்னலைக் காட்டினா. யன்னலுக்கு வெளியே, கீழே, ரீவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கவிநயாவின் தாய் குந்தியிருந்தா.

"அவவின்ர ரீவி பழுதே?"

"இல்லை. தன்ர வீட்டில போட்டால் பார்க்கவேண்டி வந்திடுமாம். மகள் பாடேக்க முகத்தைப் பார்க்க ஏலாது, நெஞ்சு அடைக்குதாம். இங்க வந்து கேட்டிட்டுப் போவா. நாங்கள் குசினிக்குள்ள இருக்கிறது அவவுக்குத் தெரியாது, சொல்லிப்போடாதேங்கோ."

புள்ளடியை வெட்டினால் போட்டி நின்றுவிடக்கூடும் என்று சொன்னேன். அக்கா கைபேசியைக் கவிழ்த்து வைத்தா. "அப்ப போட்டு வைச்சதைப் பார்த்ததெண்டு எழுதுங்கோவன், ஒரு சொல்லுத்தானே தம்பி."

படிவத்தின் அடியில், வெளியாள் யாரும் வந்திருந்தால் நிரப்புவதற்கு 'விருந்தாளி' என்றொரு கட்டம் உண்டு. ஐந்து புள்ளடியையும் வெட்டி, அந்தக் கட்டத்தில் ஒன்று போட்டு, நேரில் கண்டேன் என்று கையெழுத்து வைத்தேன்.