கடை திறந்திருக்கிறது

என் கைப்பேசியில் இரண்டு மணிகள் ஒலிக்கும். ஒன்று என் மகள் இனியாவுக்காக. பெர்த் நகரத்தில் நான் அவளைக் காலையில் விட்டுவிட்டு வரும் சைல்டுகேர் மையம், அவள் என்ன செய்தாலும் ஒரு செயலி வழியாக எனக்குச் சொல்லிவிடும். அரைக் கிண்ணம் பாஸ்தா சாப்பிட்டாள். மணலில் விளையாடினாள். டயப்பர் மாற்றப்பட்டது, சற்று இளகலாக இருந்தது. இரண்டரை வயதுக் குழந்தையின் மலத்தைப் பற்றி ஒருத்தி ஆங்கிலத்தில் எழுதி அனுப்ப, பதிலுக்கு நான் ஒரு சிவப்பு இதயத்தை அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அக்கறை இல்லாதவள் என்று நினைப்பார்களோ என்று பயம். உடனே அனுப்பினால் வேலை வெட்டி இல்லாதவள் என்று நினைப்பார்களோ என்று இன்னொரு பயம். அதனால் கொஞ்ச நேரம் வைத்திருந்து அனுப்புவேன்.

இன்னொரு மணி மீனுக்கு. அது அடித்தால், சிறுசேரியில் ஏதோ ஒரு வீட்டில் யாருக்கோ ஒரு கிலோ வஞ்சிரம் வேண்டும், துண்டு மெல்லியதாக, தலை வேண்டாம் என்று பொருள். பெர்த்தில் இனியாவின் வாயில் கஞ்சியை ஊட்டிக்கொண்டே கட்டைவிரலால் 'ஏற்கிறேன்' என்பதை அழுத்துவேன். கடப்பாக்கத்தில் என் அக்கா செல்வி அப்போது கரையில் மீன் ஏலத்தில் நின்றுகொண்டிருப்பாள். அவளுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். மீன் ஆர்டர் வரும் செயலியோ ஆங்கிலம் பேசுகிறது. அதனால் அவள் கடைக்கு நான் மேனேஜர்.

இது நான் ஆசைப்பட்டு எடுத்துக்கொண்ட வேலை என்று ஊரில் சிலர் நினைக்கிறார்கள். அவர்களுக்காகவும், என்னைப்போல ஓர் ஊரில் சமைத்துக்கொண்டே இன்னோர் ஊரை விரலால் நடத்துகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். அக்கா பல வருடங்களாகக் குட்டியானை வண்டியில் மற்றப் பெண்களோடு கூடையை ஏற்றிக்கொண்டு சிறுசேரிக்குப் போய்க்கொண்டிருந்தவள். அடுக்குமாடிகளில் எந்த வீட்டுக் குழந்தைக்கு முள் ஆகாது, எந்த வீட்டில் சங்கரா மட்டும்தான் தின்பார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒருநாள் கேட்டில் புதிதாக, வீட்டுக்காரர் அனுப்பும் கோட் எண்ணைப் போட்டால்தான் திறக்கும் ஓர் இயந்திரம் வைத்துவிட்டார்கள். காவலாளி அதே ஆள்தான்.

"எந்த ஃபிளாட்டுக்கா? கோட் சொல்லு."

"இன்னா கோட்? என் மூஞ்சி தெரில உனக்கு?"

"எனக்குத் தெரிதுக்கா. மூஞ்சிக்கு கேட்டு தொறக்காது."

அன்று அவள் கூடையோடு திரும்பி வந்தாள். நான் அப்போது பிரசவத்துக்காக ஊருக்கு வந்திருந்தேன். கூடையோடு நுழைய முடியாத கேட்டில் செயலியின் சட்டை போட்ட டெலிவரி ஆட்கள் மட்டும் தடையில்லாமல் போய்வருவதை அவள்தான் சொன்னாள். படித்தவள் நான் ஒருத்தி வீட்டில் இருந்தேன். அந்தச் செயலியில் கடையைப் பதிவுசெய்தேன். சிறுசேரிக்குப் பக்கத்தில் கேளம்பாக்கத்தில் ஓர் அறை பிடித்தோம். மீன் வெட்ட தேவி என்ற பெண் வந்தாள். இப்போது அக்காவின் மீன் எல்லா மாடிகளுக்கும் போகிறது. அக்கா போவதில்லை. முன்பு "செல்வியக்கா" என்று கூப்பிட்டவர்கள் இப்போது நட்சத்திரம் போடுகிறார்கள்.

அந்தக் கடையின் முகம் பழனி. பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவன், சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருந்தவன். தினமும் கரைக்கு வந்ததும் நீலத் தார்ப்பாயில் மீனைக் கொட்டி ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புவான். கட்டைவிரல் ஓரத்தில் விழாமல் அவனுக்குப் படம் எடுக்கத் தெரியாது. எப்போதோ படகில் நசுங்கிக் கறுத்த நகம். கூடவே குரல் செய்தி வரும்: "மேனேஜரம்மா, சரக்கு வந்துட்ச்சி. கங்காரு கறி துன்னு ருசி மறந்துடப் போற, பாத்து வெல போடு." அந்தப் படத்தைத்தான் 'இன்று பிடித்தது' என்று கடையின் முகப்பில் போடுவேன். விரல் தெரிந்தால்தான் அசல் மீன் என்று ஒரு வாடிக்கையாளர் எழுதிய பிறகு, அதை வெட்டி எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சென்ற மாதம் ஒருநாள் படம் வரவில்லை. இனியாவுக்குச் சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தேன். அக்காவின் அழைப்பு வந்தது.

"பழனி பூட்டான்டி."

"எங்கக்கா?"

"எங்கன்னு கேக்கறா பாரு. கரைல வலைய எறக்கிகினு இருந்தான். நெஞ்ச புடிச்சிகினு குந்தினான். ஆஸ்பத்திரிக்கு எட்துகினு போறதுக்குள்ள முடிஞ்சிட்ச்சி."

எங்கள் ஊரில் சாவு விழுந்தால், பிணம் எடுக்கும்வரை படகு கடலில் இறங்காது. எந்தப் பெண்ணும் கூடையைத் தலையிலிருந்து இறக்கி மீன் விற்க மாட்டாள். மீறினால் ஊர்க்கூட்டத்தில் நிற்கவைத்து அபராதம் போடுவார்கள். அழுதுகொண்டே கடையை மூடிவிடுவதாகச் சொன்னேன்.

"மூடாத."

"அக்கா, கட்டுப்பாடு..."

"கட்டுப்பட்டுகினுதான கீறேன்? உங்க மாமா படக எறக்கல. நான் கூடைய தொடல. தேவி கோவளத்துல மீன் வாங்கிக்குவா, அவ நம்ம ஊர்க்காரி கெடயாது. நீ அங்கேந்து அமுக்கு, அவ்ளோதான்."

"பழனிக்குக்கா. நம்ம பழனிக்கு."

"எனக்கு மட்டும் யாரு அவன்? போன வாட்டி மூடினியே, எத்தினி நாள் ஈ ஓட்டினேன்னு தெரியுமா உனக்கு? நாளைக்கு மல்லிகா ரெண்டு புள்ளைங்கள வெச்சிகினு எங்கிட்டதான் வேலைக்கு வந்து நிப்பா. கடை இல்லன்னா அவளுக்கு இன்னா குடுப்பேன், உன் நட்சத்திரத்தயா? ஆஸ்திரேலியாவுல குந்திகினு ஊர் கட்டுப்பாடு பேசாதடி. இங்க வந்து பேசு."

மல்லிகா என்பது பழனியின் மனைவி. அக்கா சொன்னதில் பொய் எதுவும் இல்லை. போன வருடம் ஊரில் ஒரு பெரியவர் இறந்தபோது இரண்டு நாள் கடையை மூடினேன். செயலி காரணம் கேட்டது. சரக்கு இல்லை, ஆள் இல்லை, விடுமுறை. சாவுக்கு அங்கே இடம் இல்லை. விடுமுறை என்பதைத் தொட்டேன். 'மகிழ்ச்சியாக ஓய்வெடுங்கள்' என்று ஒரு குடையும் தென்னைமரமும் திரையில் வந்தன. ஓய்வு முடிந்து திறந்தபோது எங்கள் கடை, யாரும் விரலால் தள்ளிப் பார்க்காத ஆழத்துக்குப் போயிருந்தது. பழைய இடத்துக்கு ஏறிவர மாதக்கணக்கானது.

முகம் வீங்கியபடி இனியாவைச் சைல்டுகேரில் விடப் போனேன். ஜெனி என்ற ஆசிரியை, நல்ல பெண், என் தோளைத் தொட்டு என்ன ஆயிற்று என்றாள். ஊரில் நண்பன் இறந்துவிட்டான், அங்கே இன்று யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள் என்றேன். அவள் கையால் வாயைப் பொத்தினாள். "ஐயோ. சுறாவா?" இந்த ஊரில் சுறா தெரிந்தால்தான் கடற்கரையை மூடுவார்கள். இல்லை, மாரடைப்பு என்றேன். "அப்படியானால் கடலை ஏன் மூட வேண்டும்?" உண்மையாகவே புரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மரியாதை என்ற சொல்லைச் சொன்னேன். அது போதாது என்று சொல்லும்போதே தெரிந்தது. அவள் தலையசைத்து, நானும் ஓய்வெடுத்துக்கொள்ள வேண்டும் என்றாள். குடையும் தென்னைமரமும் நினைவுக்கு வந்தன.

காரில் உட்கார்ந்திருந்தேன். மணி அடித்தது. முதல் ஆர்டர். நான் கடையை மூடினால் அது அக்காவுக்குத் துரோகம், மல்லிகாவுக்கும். திறந்து வைத்தால் பழனிக்கு. இங்கே இருந்துகொண்டு நான் கடைப்பிடிக்கும் கட்டுப்பாட்டுக்கு என் பக்கத்தில் எந்தச் செலவும் இல்லை என்பதுதான் என்னைக் கூசவைத்தது. அழுத்தினேன். முகப்புப் படத்தை மாற்ற வேண்டியிருந்தது. என் கைப்பேசியில் இருந்த மீன் படங்கள் எல்லாவற்றிலும் அவன் விரல் இருந்தது. எதை எடுத்துப் போட்டாலும் அவன்தான். முந்தின நாள் படத்தையே விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு வாடிக்கையாளரின் கேள்வி வந்தது. "இது இன்று பிடித்ததுதானே?" செயலி எப்போதும்போல எனக்காகப் பதிலைத் தயாராக எழுதி வைத்திருந்தது: "ஆம், இன்று காலை பிடித்தது!" வேறு எதை எழுதுவதென்று கொஞ்ச நேரம் யோசித்தேன். எழுதி அழித்தேன். கடைசியில் தயாராக இருந்ததையே தொட்டேன். அந்த ஆச்சரியக்குறியை மட்டுமாவது எடுத்துவிட்டு அனுப்பியிருக்கலாம் என்று இன்றுவரை தோன்றுகிறது.

சாயங்காலம் இனியாவைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். இங்கே சூரியன் கடலுக்குள் இறங்கும். எங்கள் ஊரில் கடலிலிருந்து எழும். அக்காவின் மகள் கீர்த்தி வீடியோவில் அழைத்தாள். பறைச் சத்தம். படகுகள் எல்லாம் மணலில் வரிசையாகக் கிடந்தன. பழனியைத் தூக்கிப்போகும் கூட்டத்துக்குள் அக்கா, மல்லிகாவைத் தாங்கிப் பிடித்தபடி, தலைவிரி கோலமாக நடந்தாள். அவள் கைகள் இரண்டும் மீன் தொடாமல், சுத்தமாக இருந்தன. அவளால் முழுமையாக அழ முடிந்தது. பறைக்கு நடுவே என் கைப்பேசியில் மீன் மணி அடித்தது. படம் ஒரு கணம் நின்று, மேலே ஒரு பட்டை இறங்கியது: இறால், அரைக் கிலோ, ஓடு நீக்கியது.

இரண்டு நாள் கழித்து அக்கா பேசினாள். சாவன்று ஈசிஆர் சாலை ஓரத்தில் கூடை வைத்து விற்ற நம் ஊர்க்காரி ஒருத்தி மாட்டிக்கொண்டாளாம், ஊர்க்கூட்டத்தில் அவளுக்கு அபராதமாம்.

"எம் பேரு வந்துச்சாக்கா?" என்று கேட்டேன்.

அக்கா சிரித்துவிட்டாள். "உம் பேரு எப்பிடிடி வரும்? நீ ஊர்லயா கீற?"

அவள் குத்திச் சொல்லவில்லை. இருக்கிற கணக்கைச் சொன்னாள். அபராதம் வாங்குவதற்குக்கூட ஊரில் பேர் இருக்க வேண்டும். வந்திருந்தால் கட்டியிருப்பேன், கூட்டத்துக்கு நடுவில் கை கட்டி நின்றுமிருப்பேன். அதைச் சொன்னால் அக்கா இன்னும் சிரிப்பாள் என்று சொல்லவில்லை. அன்று கடப்பாக்கத்தில் மாட்டிக்கொள்ளாமல் மீன் விற்றது என் கட்டைவிரல் மட்டும்தான்.

மல்லிகா இப்போது கேளம்பாக்கத்தில் தேவியோடு மீன் வெட்டுகிறாள். காலையில் படம் அனுப்புவதும் அவள்தான். தார்ப்பாய் அதே நீலம். ஓரத்தில் விரல் இல்லை, அவளுக்குப் படம் நன்றாக எடுக்க வருகிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மணி அடிக்கிறது. இனியா சாப்பிட்டாளா, யாருக்கோ மீன் வேண்டுமா என்று பார்ப்பதற்குள் விரல் போய் அழுத்திவிட்டது.