பன்னிரண்டாவது தலைத்துணி

மரவள்ளிக் கஞ்சி போட்டுக் காய்ந்த தலைத்துணியில் ஹெர்மினாவின் விரல்கள் தண்ணீர் தெளித்தன. இஸ்திரிப் பெட்டி மெதுவாகப் போய்வந்தது. பிறகு முழங்காலில் வைத்து முதல் மடிப்பு, இரண்டாவது மடிப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குண்டூசி. மூன்றாவது மடிப்பில் கஞ்சி வெடித்து, துணியின் குறுக்கே வெள்ளைக் கோடு ஓடியது.

"போச்சு" என்றார் என்னிடம். "இது உன்னோடதுதான், கொர்ரி."

எங்கள் தலைநகர் பரமரிபோவில், எங்கள் பாட்டுக் குழுவில் பன்னிரண்டு பெண்கள். செவ்வாய்க்கிழமை எங்கள் நாட்டுக்குச் சுதந்திரம். அன்று காலை டச்சுக் கொடி இறங்கியிருக்கும்; எங்கள் கொடியின் கீழே நாங்கள் பாட வேண்டும். எல்லாத் தலையிலும் ஒரே மடிப்பு; ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு பெயர் உண்டு, இதன் பெயர் 'பேசுறவங்க பேசட்டும்'. அதை மடிக்க ஹெர்மினாவை விட்டால் ஆள் இல்லை. பதினான்கு வயதில் அதிகாரி வீட்டில் வெள்ளைக் கோட்டுகளுக்கு இஸ்திரி போட்டவர். மடிக்க யாரும் சொல்லித்தரவில்லை. யாரோ தந்த பழைய தலைத்துணியை ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்து, கரிக்கட்டியால் எண் போட்டு, திரும்ப மடித்து மடித்துப் படித்துக்கொண்டார். முப்பது வருடம் ஆகியும் மடிப்பு அரை விரல் விலகினால் பிரித்துவிடுவார்.

இது சனிக்கிழமை. மறுநாள் மாலை விமானத்தில் அவரும் கணவர் லியோவும் டச்சு நாட்டில், ராட்டர்டாமில் இருக்கும் மகளிடம் போவதாக இருந்தது. செவ்வாய்க்கு முன் போய்ச் சேர்ந்தவர்கள் டச்சுக் குடிமக்களாகவே இருப்பார்கள். இங்கேயே இருப்பவர்கள் அந்தக் குடியுரிமையை இழப்பார்கள். எங்கள் தெருவில் ஒன்பது வீடுகள் ஏற்கெனவே பூட்டிக் கிடந்தன.

புதுத் துணியை ஓர் இரவு ஊறவைத்து, ஆலைக் கஞ்சி போன பிறகே நம் கஞ்சியில் தோய்க்க வேண்டும். பெட்டி கட்டும் அவசரத்தில் அந்த ஒரு துணியை மட்டும் ஊறவைக்காமல் விட்டிருந்தார்; அதனால்தான் வெடித்தது. இனி ஊறவைத்து, தோய்த்து, இந்த ஈரக்காற்றில் காயவைத்து மடிக்கத் திங்கள் ஆகிவிடும்.

"விடுங்க சிசா. பழசு ஒண்ணு கட்டிக்கிறேன்" என்றேன். மூத்த பெண்களை நாங்கள் 'சிசா', அக்கா, என்றுதான் கூப்பிடுவோம்.

"பதினோரு தலை புதுசு, ஒரு தலை பழசா? அதுக்கு நீ வராமலே இருக்கலாம்."

லியோ பயணப் பெட்டிமேல் உட்கார்ந்து பூட்டை அழுத்திக்கொண்டிருந்தார். "டச்சுக்காரனே மூட்டை கட்டிட்டான். அவனுக்கு முன்னால போய் அவன் வாசல்ல நிக்கப் போறோம். வா மினா, ஒரு துணிக்காகவா?"

ஹெர்மினா குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். "நான் வரல. கஞ்சி வெடிக்காம இருந்தா கிளம்பியிருப்பேனா? எனக்கே தெரியல, லியோ."

"மக கேட்டா என்ன சொல்ல?"

"நம்ம பாட்டன் காலத்துல அடிமைத்தளை அறுந்ததுன்னு அறிவிச்சப்போ, இன்னும் பத்து வருஷம் அதே தோட்டத்துல வேலை செய்யணும்னு நம்மாளுங்கள நிறுத்தி வச்சாங்க. அறிவிச்ச அன்னிக்கே வர்ற சுதந்திரத்த நான் பாக்கணும்னு சொல்லு."

"நீ இல்லாம எனக்குக் காப்பி போடக்கூடத் தெரியாதே."

"கத்துக்கோ. உனக்கு வயசு அறுபத்திரண்டுதான்."

லியோ சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்து ஹெர்மினாவின் உடைகளை எடுத்து நாற்காலியில் அடுக்கினார். வெளியே போகவும் முடியாமல் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிறு மாலை நான் போனபோது ஹெர்மினா கொல்லையில் கொடிக்கயிற்றின் அடியில் நின்றிருந்தார். லியோ கிளம்பிப் போயிருந்தார். விமானச் சத்தம் தலைக்கு மேல் வந்தபோது ஹெர்மினா நிமிரவில்லை. துணியின் ஓரத்தைத் தடவி ஈரம் பார்த்தார்.

"அழுதுடுங்க, சிசா."

"துணிமேல உப்புத்தண்ணி பட்டா கறை" என்று தள்ளி நின்று அழுதார்.

திங்கள் மதியம் என்னை நாற்காலியில் உட்காரவைத்துத் தலையை நூலால் அளந்தார். ஏழு மடிப்பு. இரண்டு முறை பிரித்தார். மூன்றாவது முறை சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கவிழ்த்த பானைமேல் பொருத்தினார்.

"பானையோட எடுத்துட்டுப் போ. ஓரத்தத் தொடாத."

இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டேன்.