முழங்கை ஆழம்

தாயில்பட்டியில் சாணி கரைத்து மீன் வளர்த்த ஒரே ஆள் தங்கச்சாமிதான். போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னண்ணே, மீனுக்கு விருந்தா?" என்பார்கள்.

"சாணி வெடிக்காதுல்ல" என்பார் அவர்.

நாலு வருசத்துக்கு முன்னால் பட்டாசுக் கம்பெனியில் மருந்து உரசித் தீப்பிடித்ததில் அவருடைய வலது கை மணிக்கட்டோடு போனது. இடது கை தப்பியது. ஆனால் வெந்து ஆறிய தோல், அழுக்குத் தண்ணீர் பட்டால் சீழ் வைக்கும். அன்றிலிருந்து பெண்டாட்டி வீரலட்சுமிதான் கம்பெனி வேனில் ஏறினாள். அவள் திரும்பி வரும்வரை அவருக்குச் சோறு இறங்காது. எங்கோ கல்யாணத்துக்குச் சரவெடி கொளுத்தினால்கூட ரோட்டுக்கு ஓடிவிடுவார். அவளை அந்த வேனிலிருந்து இறக்கத்தான் பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு மீன்குஞ்சுகளை விட்டார். இந்தத் தடவை மீன் தேறினால் தீபாவளியோடு அவள் வேலையிலிருந்து நின்றுவிடலாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

தீவனம் வாங்கிக் கட்டுப்படியாகாது. மீன்குஞ்சு கொடுத்த விக்னேஷ்வரன்தான் வழி சொன்னான்.

"சாணியக் கரைச்சு விடுங்கண்ணே, தண்ணி பச்சை பிடிக்கும். அந்தப் பச்சை பூராம் கண்ணுக்குத் தெரியாத பாசியும் பூச்சியும்தான். அதத் தின்னே மீன் ஏறிரும்."

அளக்கவும் சொல்லிக்கொடுத்தான். கையை முழங்கை வரை தண்ணிக்குள் விட வேண்டும். அதற்குள் உள்ளங்கை மறைந்துவிட்டால் இரை போதும். அப்போதும் தெரிந்தால் சாணி வேண்டும். மணிக்கட்டு முங்கும்போதே மறைந்தால் சாணியை நிறுத்திவிட வேண்டும்.

அளக்கக் கை வேண்டுமே. தினமும் வேனுக்கு முன்னால் வீரலட்சுமி கரையில் குத்துக்காலிட்டுக் கையை விடுவாள்.

"மறைஞ்சிருச்சா? நல்லாப் பாரு புள்ள."

"என் கை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா? நீங்கதான் ஒண்ணத் தொலைச்சிட்டு வந்தீக."

இருவரும் சிரிப்பார்கள். அவள் சொன்னால் மட்டும் அவருக்கு வலிக்காது.

ஐந்து மாதத்தில் மீன் முக்கால் கிலோ ஏறியது. ஆவணியில் தீபாவளி சீசன் சூடு பிடித்தது. பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவளை மருந்து அடைக்கும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே அலுமினியப் பொடி. கையில் ஒட்டினால் சீயக்காய்க்கும் போகாது, எண்ணெய்க்கும் போகாது. அவள் உள்ளங்கை எவர்சில்வர் தட்டு மாதிரி மின்னியது. அந்தக் கையைப் பார்க்கத் தங்கச்சாமிக்குத் திராணி இல்லை. அவள் அளக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்பார்.

"தெரியுதா?"

"தெரியுதுங்க."

மறுநாளும் தெரிந்தது. அடுத்த நாளும்.

"மீன் பெருசாகிருச்சுல்ல, அம்புட்டையும் தின்னுருது" என்று இரண்டு கூடைச் சாணியை நாலாக்கினார்.

புரட்டாசியில் மூன்று நாள் வெயிலே இல்லாமல் மூடாப்பு. நாலாம் நாள் விடியலில் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன. பசி என்று நினைத்து இன்னொரு கூடையைக் கொட்டினார். சற்று நேரத்தில் ஒவ்வொன்றாக வயிறு மேலாக மிதந்தன.

போன் போட்டதும் விக்னேஷ்வரன் பைக்கில் வந்து கையை விட்டான். மணிக்கட்டு முங்குமுன்னே உள்ளங்கையைக் காணோம்.

"இம்புட்டுப் பச்சை ஆகாதுண்ணே. ராத்திரியில தண்ணிக்குள்ள இருக்கிற காத்தப் பூராம் பாசியே இழுத்துக்கிரும். மீனு மூச்சு முட்டிச் செத்திருக்கு. யாரு அளந்தது?"

தங்கச்சாமி நிமிர்ந்தார். எதிர்க்கரையில் வீரலட்சுமி செத்த மீனை அள்ளிக்கொண்டிருந்தாள். அந்தக் கெட்டிப் பச்சைக்குள்ளும் அவள் கை விரல் விரலாக மின்னியது. விக்னேஷ்வரனும் பார்த்துவிட்டான்.

"அக்கா கையில..." என்று ஆரம்பித்தவனின் காலை ஓங்கி மிதித்தார்.

"தப்பு என் மேலதாம்ப்பா. அவ சரியாத்தான் அளந்து சொன்னா. ரெண்டு கூடை போடவேண்டிய இடத்துல நான் பேராசையில நாலு கூடை போட்டுட்டேன்."

வீரலட்சுமி கூடையோடு வந்தாள்.

"உங்களுக்குப் பேராசை வேறயா" என்றாள். "விடுங்க. பொங்கல் வரைக்கும் போறேன்."

ரோட்டில் வேன் ஹாரன் அடித்தது. சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

வேன் மறைந்ததும் விக்னேஷ்வரன் கேட்டான்.

"ஏண்ணே மறைக்கீக? கை மினுங்குனதுக்கு அக்கா என்ன செய்யும்?"

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரிஞ்சா அந்தக் கையில சோறு திங்க மாட்டா. சொல்லிராத."

குழி வெட்ட மண்வெட்டியை இடது கையால் இழுத்து அக்குளில் இடுக்கினார். விக்னேஷ்வரன் வாங்கப் பார்த்தான். அவர் கொடுக்கவில்லை.